கணவர் கூறுவதாவது

1

போன ஐப்பசியில் ஒரு கேக் வாங்கினேன். மேலே என்ன எழுத வேண்டும் என்று கடைப் பெண் கேட்டாள். "ஒரு வருடம்" என்று எழுதச் சொன்னேன். திருமண நாளா என்றாள். இல்லை, என் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீலக் க்ரீமில் "வாழ்த்துகள்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தாள். வெள்ளைக்காரர்களைக் குழப்புவது சுலபம். பதினெட்டு வருடமாக நான் செய்துவரும் ஒரே பொதுச்சேவை அது.

இங்கிலாந்தின் வடக்கே, மலையும் மழையுமாக இருக்கும் ஒரு சிறு நகரத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். போடியில் எங்கள் அப்பாவுக்கு ஏலக்காய் மண்டி இருந்தது. அதை அண்ணன்மார் பார்த்துக்கொள்ள, நான் கடல் தாண்டினேன். என் மனைவி பரிமளாவுக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரே மகள் யாழினி இருபது வயதில் வேறு ஊரில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எட்டு நிமிடம் பேசுவாள். அதில் மூன்று நிமிடம் "ம்" போடுவாள்.

கேக்கைக் கண்டதும் பரிமளா கேட்டாள்:

"எதுக்கு இது?"

"வலி போயி ஒரு வருசம்ல, புள்ள."

"எட்டு மாசந்தான் போயிருந்துச்சு. திரும்பி வந்து நாலு மாசமாச்சு."

"என்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா என்ன செய்வீங்க? ஒரு ஜோக் அடிப்பீங்க. நானும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கணும். தையல் போட்ட வயிறு."

அவளுக்கு இருக்கும் நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியான ஒன்று வெளியே குடல் மேலும் இடுப்பு நரம்பு மேலும் ஒட்டிக்கொண்டு வளர்வது. மாதாமாதம் அதுவும் சேர்ந்து புண்ணாகும். இதைச் சரியாக உச்சரிக்க எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. அந்தப் பெயர் கிடைக்க அவளுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கேக்கை வெட்டி எனக்குப் பெரிய துண்டாக வைத்தாள். "வாழ்த்துகள்" முழுசாக என் தட்டுக்கு வந்துவிட்டது. நான் தின்றுகொண்டிருக்கும்போது மேசையில் ஒரு காகிதக் கட்டை வைத்தாள்.

"யாழினி அனுப்புனது. பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றாங்களாம். மருந்து மாத்திரை இல்ல. இந்த நோயோட வாழுறது எப்பிடி இருக்குன்னு கேட்டு எழுதிக்குவாங்க. நான் பேரு குடுத்துட்டேன்."

"நல்ல விசயம்."

"வீட்டுக்காரரும் பேசணுமாம். உங்க பேரையும் குடுத்துட்டேன்."

மீதி "வாழ்த்துகளை" அப்படியே தட்டில் வைத்தேன்.

2

என்னை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுபது பேரை ஏற்றிக்கொண்டு பனியில் சறுக்கும் சாலையில் பஸ்ஸை ஓட்டிவிடுவேன், கை நடுங்காது. ஒரு உறையை நீட்டி "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்றால் வேர்த்துவிடும். விசா, வாடகை, மின்சாரம் எதுவாக இருந்தாலும் முதல் வரியைப் படிக்கும்போதே என்னை நாடு கடத்திவிட்டதாகக் கற்பனை செய்து, போடி பஸ் நிலையத்தில் பெட்டியோடு இறங்கி, அண்ணனிடம் என்ன பொய் சொல்வது என்பதுவரை யோசித்து முடித்திருப்பேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பிய விளக்கத் தாள் எட்டுப் பக்கம். அதில் எனக்குப் பிடித்த ஒரே வரி: "எந்தக் காரணமும் கூறாமல் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்." இப்படி ஒரு வரி எங்கள் கல்யாணப் பத்திரிகையில் இருந்திருந்தால் பரிமளா எந்த வருடத்தில் விலகியிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். முதல் ஆடிக்குப் போனவள் திரும்பியிருக்க மாட்டாள்.

ஆராய்ச்சி செய்யும் பெண்ணின் பெயர் ரூத். முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள், அதிலேயே பரிமளாவுக்குப் பிடித்துப்போனது. முதல் நாள் அவளோடு தனியாக இரண்டு மணி நேரம் பேசினாள். நான் பின்வாசலில் நின்று ஏற்கெனவே துடைத்த சைக்கிளைத் துடைத்தேன். உள்ளே சத்தமே இல்லை. அழுகைகூட இல்லை. பரிமளாவின் குரல் மட்டும் ஒரே சீராக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்றால், நான் நடுவில் பேசிவிடுவேன் என்று அர்த்தம்.

பிறகு அவளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். தினமும் வலியை சைபரிலிருந்து பத்துக்குள் எழுத வேண்டும். பரிமளா மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டு அந்தக் கட்டங்களை அடித்தாள். அதற்குப் பதில் வளைவு போட்டாள். போடியிலிருந்து முந்தல் தாண்டி மேலே ஏறினால் போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்: நாலாவதில் காது அடைக்கும், ஏழில் பேச்சு நிற்கும், பதினொன்றில் வாந்தி வரும், அதற்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட வேண்டியதுதான். திங்கள்: ஆறாவது வளைவு. செவ்வாய்: பன்னிரண்டு. ரூத் அதைப் பார்த்துத் திருத்தவில்லை. வரைபடத்தில் அந்தச் சாலையைத் தேடிப் பார்த்துவிட்டு, "இதிலேயே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டாளாம்.

3

மார்கழியில் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் நாள் வந்தது. வெளியே பனி. பரிமளா வழக்கம்போல் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சுவரோடு சுவராக வைத்து வீட்டைச் சூடாக்கும் இரும்புத் தகடு அது. பதினெட்டு வருடமாக அதுதான் அவள் ஆசனம். யாழினி ஏழு வயதில் பள்ளியில் எங்கள் குடும்பத்தை வரைந்தபோது, அப்பா நடுவில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார், அம்மா ஓரமாக ஒரு கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் பரிமளாவைப் "பல்லி" என்று கூப்பிடுவேன். வீட்டுக்கு வருபவர்கள் சிரிப்பார்கள்.

ரூத் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கி, எல்லாருக்கும் ஆராய்ச்சியில் புனைபெயர்தான், உண்மைப் பெயர் எங்கும் வராது என்றாள். எனக்கு ஒரு பெயரைத் தேட நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். பரிமளா முதல் நாளே சொல்லிவிட்டாளாம்.

"என்ன பேரு?" என்றேன்.

"பல்லி" என்றாள்.

அதற்கு என்ன பொருள் என்று ரூத் என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் எதையோ எழுதிக்கொண்டாள். அன்றைக்கு முதல் வேர்வை அப்போதுதான்.

நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. அப்பாடா என்றிருந்தது. இந்த ஊரில் எந்தப் பொங்கல் விழாவிலும் நான் சொல்லும் கதை அது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்துச் சரிவில் ஒரு ஏலத்தோட்டம். அதில் பச்சைக்காயை உலர்த்தும் கட்டிடம் உண்டு, ஸ்டோர் என்போம். கீழே விறகு எரியும், இரும்புக் குழாய் வழியாகச் சூடு உள்ளே சுற்றும், ராப்பகலாகச் சுவரெல்லாம் கதகதவென்று இருக்கும். பரிமளாவின் அப்பாதான் அங்கே அடுப்பு பார்ப்பவர். நான் மண்டி ஜீப்பில் லோடு எடுக்கப் போயிருந்தேன். ஸ்டோர்ச் சுவரில் சாய்ந்தபடி ஒரு பெண் நின்றாள். ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றியிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கம்! சரி, இவள் நமக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று முடிவு செய்து, அடுத்த வாரமும் லோடு எடுக்கப் போனேன். காயே இல்லாத மாதத்திலும் போனேன். இரண்டு வருடம் வீட்டில் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டேன்.

ரூத் சிரித்தாள். இந்தக் கதைக்கு எல்லாரும் சிரிப்பார்கள்.

"வலி" என்றாள் பரிமளா. ஆங்கிலத்தில், அமைதியாக. "அன்னைக்கு எனக்கு வலி. சுவரு சூடு. அதான் நின்னேன்."

ரூத்தின் சிரிப்பு நின்றது. நான் தமிழுக்குத் தாவினேன்.

"ரெண்டாவது வாரமும் நின்னயே" என்றேன்.

"நீங்க ரெண்டாவது தடவ வந்தது நாலாவது வாரத்துல. மாசக் கணக்குத் தெரியாதா மண்டிக்காரரே? தோட்டத்துல பாதிப் பொம்பளைங்க அந்தச் சுவத்துலதான் சாஞ்சு நிப்போம். அம்மா சொல்லும், வேதன வந்தா சுவத்துக்குப் போடி, சொவரு ஏன்னு கேக்காது, வையாது."

"இத்தன வருசமா இந்தக் கதைய நான் சொல்றப்ப நீ வாயே தொறக்கலயே?"

"நீங்க சந்தோசமாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டேன்."

ரூத் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் டாக்டரிடம் யார் பேசினீர்கள்?"

"நான்தான்" என்றேன். அப்போதும் கொஞ்சம் பெருமையோடு.

"அவர் சொன்னதை எப்படிச் சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது. நன்றாக. "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

சமையலறையில் நிற்கும்போது பரிமளா சொல்வது கேட்டது. டாக்டர் அலுவலகத்திலிருந்து பழைய குறிப்புகளின் நகல் முழுவதையும் எழுதிக் கேட்டிருக்கிறாள். தபாலில் வரும். தை மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கப் போகிறாள், மறுபடி வயிற்றைத் திறப்பதா வேண்டாமா என்று அன்றுதான் தெரியும். போகும் முன் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டுமாம்.

நான் தேநீரில் உப்பைப் போட்டேன். ரூத் அதையும் குடித்தாள். ஆராய்ச்சியாளர்களுக்குப் பொறுமை உண்டு.

4

அந்தக் குறிப்புகளில் என்ன இருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இங்கே எழுதிவிடுகிறேன்.

வந்த புதிதில் பரிமளாவுக்கு ஆங்கிலம் கிடையாது. டாக்டர் அலுவலகப் படிவத்தில் "மொழிபெயர்ப்பாளர் தேவையா?" என்று ஒரு கட்டம் இருக்கும். இலவசம்தான். நான் ஒவ்வொரு முறையும் "இல்லை" என்பதில் டிக் அடிப்பேன். என் பொண்டாட்டிக்கு நான் இருக்கும்போது யாரோ ஒருவன் வந்து பேசுவதா? பதினைந்து வருடம் டிக் அடித்தேன்.

முதல் நாள் டாக்டர் அறையில் பரிமளா மூன்று விஷயம் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னாள். ஒன்று, அந்த நாட்களில் அடிவயிறும் குறுக்கும் ஒடிகிற மாதிரி வலிக்கிறது. இரண்டு, அந்த நாட்களில் வெளிக்குப் போகும்போது கத்தியைச் செருகுகிற மாதிரி இருக்கிறது. மூன்று, கணவரோடு சேரும்போதும் வலிக்கிறது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நரைத்த மனிதர், எங்கள் பெரியப்பா சாயல் வேறு. அந்த முகத்தைப் பார்த்து மூன்றாவதை நான் எப்படிச் சொல்வேன்? இரண்டாவதை எப்படிச் சொல்வேன்? முதலாவதில்கூட "அந்த நாட்கள்" என்று ஒன்று வருகிறது.

"அவளுக்கு வயிற்று வலி" என்றேன்.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் பேசினாளே, இவ்வளவுதானா என்பது போல. எனக்குப் பதற்றம் வந்தால் நாக்கு தானாகவே வேலை செய்யும். "தப்பு என் மேல்தான் டாக்டர், நான் வைக்கிற குழம்பில் காரம் அதிகம்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பரிமளாவும், ஏதோ நல்ல செய்தி போல என்று நினைத்து, சிரித்தாள். நெஞ்செரிச்சல் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவை அவரே "காரத்தைக் குறைத்தீர்களா?" என்று ஆரம்பித்துவிட்டார். என் ஜோக் அவருக்கு நோயின் பெயராகிவிட்டது.

ஊரிலிருந்து படிப்பவர்கள், பாவம், மொழி தெரியாத நாட்டில் நேர்ந்த கோளாறு என்று எனக்குச் சலுகை தர வேண்டாம். மூன்று வருடம் முன்பு வந்திருந்தபோது பல்வலிக்காகத் தேனியில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பதி. நர்ஸ் அந்தப் பெண்ணிடம் கேட்டார், "என்னம்மா செய்யுது?" அவள் வாயைத் திறப்பதற்குள் புருசன், "வயித்து வலிங்க, ஒழுங்காச் சாப்புடுறதில்ல" என்றார். அந்த வராந்தாவில் எல்லாருக்கும் தமிழ் தெரியும். அவள் நர்ஸைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பல் வலித்துக்கொண்டிருந்தது.

பரிமளாவின் வலிக்கு எங்கள் வீட்டிலும் குறைவில்லாமல் வைத்தியம் நடந்தது. சூடு என்றார்கள், வெந்தயம் ஊறப்போட்டார்கள். ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். பெற்றாள். இன்னொன்று பெற்றால் சரியாகும் என்றார்கள். இன்னொன்று வரவே இல்லை. அதற்கும் அவளைத்தான் கேட்டார்கள்.

கடைசியில் பெயர் கிடைத்தது எப்படித் தெரியுமா? மூன்று வருடம் முன்பு அவள் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், என்னைப் போனில் பிடிக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுபோன இடத்தில் ஒரு டாக்டர் அம்மா அவளிடமே கேட்டார், அவளும் சமையலறையில் கற்ற ஆங்கிலத்தில் அவளே பதில் சொன்னாள். நான் இல்லாமல் அவள் டாக்டரைப் பார்த்த முதல் நாள் அது. அன்றைக்கே அந்த டாக்டர் அம்மா சந்தேகப்பட்டு எழுதிவிட்டார்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. அதன் மேல் ஒரு ஜோக்கைப் போட்டு மூடிவைத்தேன்.

5

தபால்காரரை நான் அதுவரை முகம் பார்த்ததில்லை. அந்த மார்கழியில் அவர் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் இருப்பார் என்பது எனக்கு மனப்பாடம். என் பஸ் பாதை எங்கள் தெரு முனை வழியாகப் போகும். ஒருநாள் அவர் கையில் தடித்த உறையைக் கண்டு, நிறுத்தமே இல்லாத இடத்தில் பிரேக் போட்டேன். "பூனை" என்று பயணிகளிடம் சொன்னேன். பின்னால் ஒரு கிழவி, "பூனை எங்கே?" என்று கடைசி நிறுத்தம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

உறை வந்தது, எனக்கு விடுமுறை நாளில், பிற்பகலில். கதவுத் துளை வழியாகத் தரையில் விழுந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். இதை அவளிடம் கொடுத்து, முதலில் நானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ரொம்ப உறுதியான தீர்மானம். வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், என் கை தானாக நீண்டு உறையை ரேடியேட்டருக்குப் பின்னால் செருகிவிட்டது.

வீட்டில் அரிசி டப்பா இருக்கிறது, பரண் இருக்கிறது, என் பஸ் சட்டைப் பெட்டி இருக்கிறது. அவள் வந்ததும் முதலில் எங்கே போய்ச் சாய்வாள் என்பது பதினெட்டு வருடமாகத் தெரியும். ஆனாலும் கை அங்கேதான் போனது.

பரிமளா கோட்டைக் கழற்றி மாட்டினாள். கால் மடக்கி உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். சரக்கென்று சத்தம். கொஞ்சம் நகர்ந்தாள். மறுபடி சரக். கையைப் பின்னால் விட்டு உருவினாள். சூட்டில் உறை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

"மண்டிக்காரரே, இது என்ன?"

"காயப் போட்டிருந்தேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஜோக்கோடு என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. எதிரே தரையில் உட்கார்ந்தேன். மூன்று விஷயம், நான் சொன்ன ஒன்று, குழம்பு, டாக்டரின் சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தாள். விரலை வைத்து, வாய்விட்டு. "கணவர் கூறுவதாவது: உணவுக்குப் பின் வயிற்றுக் கோளாறு. காரமான சமையல்." அடுத்த தாள். "கணவர் கூறுவதாவது: முன்பு போலவே." அடுத்தது. "கணவர் கூறுவதாவது." பதினைந்து வருடத் தாளில் எங்கேயும் அவள் கூறுவதாக ஒன்றுமில்லை.

"மூணு சொன்னேனே" என்றாள்.

"கூச்சமா இருந்துச்சு, பரிமளா."

"உங்களுக்கா?" தாளைக் கீழே வைத்தாள். "அந்த மூணாவத உங்ககிட்டக்கூட நான் அதுவரைக்கும் சொன்னதில்ல. டாக்டர்ன்னு நெனச்சு, ஊரு விட்டு ஊரு வந்து, வெக்கத்த விட்டுச் சொன்னேன். நீங்க கேட்டீங்கல்ல? டாக்டருக்குச் சொல்லாட்டி போகுது. உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

விழுந்தது.

நான்கு நாள் பேச்சில்லை. சோறு இருந்தது, தட்டு இருந்தது, பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை யாழினி கூப்பிட்டபோது எட்டு நிமிடம் அல்ல, ஐம்பது நிமிடம் அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பிறகு பரிமளா போனை என்னிடம் கொடுத்தாள். யாழினி தன் ஓட்டைத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அப்பா. எனக்கும் வலி இருக்குது. ரெண்டு வருசம். உங்களுக்குச் சொல்லல. நீங்க காமெடி பண்ணுவீங்க. இப்ப டாக்டர்கிட்ட போறேன். நானே போறேன்."

மகள் விலகிப் போகிறாள், நாட்டின் குற்றம், மொழியின் குற்றம் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கெல்லாம் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். பிள்ளை என் ஜோக்குக்குப் பயந்துதான் எட்டு நிமிடத்தில் போனை வைத்திருக்கிறாள்.

6

தை பிறந்து நிபுணரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின மாலை, பரிமளா என் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு நீங்களும் வர்றீங்க."

"வர்றேன்."

"வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கல."

"ஜோக்கு?"

"மூச்சுக்கூட விடல, புள்ள."

"மூச்சு விடுங்க. அங்க மயங்கி விழுந்து அதுக்கு வேற ஒரு படிவம் நிரப்பணும்."

ஐந்து நாளில் அவள் என்னைச் செய்த முதல் கிண்டல். அதை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

நிபுணருக்கு என் வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும், பழக்கதோஷமோ என்னவோ, என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "இப்போது எப்படி இருக்கிறார்?" என் வாய்க்குள் மூன்று ஜோக் வரிசையில் வந்து நின்றன, மணியடித்தால் இறங்கத் தயாராக. கதவைத் திறக்கவில்லை. "அவரிடம் கேளுங்கள்" என்றேன்.

பரிமளா நோட்டை மேசையில் வைத்தாள். அவர், பத்துக்கு எத்தனை வலி என்றார்.

"பத்து பத்தாது டாக்டர்" என்றாள் அவள் ஆங்கிலத்தில். "எங்க ஊரு மலை ரோட்டுக்குப் பதினேழு வளைவு. நான் வாரத்துல நாலு நாள் பன்னிரண்டுல நிக்கிறேன். ஏழுலயே பேச முடியாது. நீங்க என்னைய இப்பப் பேசறத வச்சு எடை போடாதீங்க. இன்னைக்கு மூணாவது வளைவு. அதனாலதான் பேசறேன். பேச முடியாத நாள எழுதி வச்சிருக்கேன், படிங்க."

அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஒன்றாவதைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள், எந்த நாளில், எவ்வளவு நேரம் என்று. அவர் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். அப்புறம் அவள் நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள்.

"மூணாவத நீங்க சொல்லுங்க" என்றாள் தமிழில்.

ஆங்கிலம் தெரியாமல் அல்ல. அந்த மூன்றாவதைச் சொல்லும் அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் எப்போதோ வந்துவிட்டது.

என் கழுத்தில் வேர்வை இறங்கியது. போடி பஸ் நிலையம், பெட்டி, அண்ணன் முகம் எல்லாம் ஒரு சுற்று வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"என் மனைவிக்கு என்னோடு சேரும்போது வலிக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக வலிக்கிறது. இதை இவர் முதல் டாக்டரிடம் முதல் நாளே சொன்னார். கூட இருந்து மொழிபெயர்த்தது நான். நான் அதைச் சொல்லவில்லை. காரக்குழம்பு என்று ஜோக் அடித்தேன். பழைய குறிப்பில் இருப்பது இவர் சொன்னதல்ல. அதை நம்பாதீர்கள்."

தட்டச்சு நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பரிமளா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு தட்டச்சு மறுபடி தொடங்கியது, முன்பைவிட வேகமாக.

அவர் அவளிடம் கேட்டார், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. குடல் பக்கம் ஒட்டியிருப்பதையும் பார்த்து எடுக்கத் தெரிந்தவர்கள் சேர்ந்து செய்ய வேண்டும், பாதி பாதியாக வேண்டாம். ஸ்கேன் வெரசாக எடுக்க வேண்டும். வேலையை விட மாட்டேன். "இனிமே என் படிவத்துல எதையும் நானே நிரப்புறேன்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள். அது அவருக்குச் சொன்னதல்ல.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அன்று வேறு யாரோ ஓட்டினார்கள். மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"மோசமில்ல" என்றாள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம். வெளிய உக்காந்திருந்த அம்மா எட்டிப் பாத்துச்சு."

7

ரூத் தன் ஆராய்ச்சியை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் எங்கேயாவது பல்லி என்று ஒரு பெண் பேசுவாள். அந்தப் பெயரை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். முடியாது என்று பரிமளா சொல்லிவிட்டாள். "நீங்க வச்ச பேருதான. இருக்கட்டும், அச்சுல வரட்டும்." வீட்டில் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். யாழினிக்கு ஸ்கேன் நாள் வந்திருக்கிறது. தனியாகத்தான் போகிறாள். போகும் முன்பு கூப்பிட்டாள், நான் "ம்" மட்டும் போட்டேன், பதினேழு நிமிடம் பேசினாள்.

போன வாரம் நிபுணரின் கடிதம் வந்தது. தரையிலிருந்து எடுத்து, பிரிக்காமல், வளைக்காமல், நேராகக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். ரேடியேட்டரில் சாய்ந்து உட்கார்ந்து பிரித்தாள். கருப்பை பார்க்கும் குழுவும் குடல் பார்க்கும் குழுவும் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்வார்கள். நாள் பிறகு வரும். இந்தக் கோடைக்குள் இருக்கலாம். அதற்கு மேலே முதல் வரி.

விரலை வைத்து வாய்விட்டுப் படித்தாள். "திருமதி பரிமளா என்னிடம் கூறியதாவது." மறுபடி அதையே படித்தாள். கீழே ஒரு பக்கம் முழுக்க அவள் சொன்னதுதான். வளைவுகள்கூட இருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னது வந்திருக்கா?"

தேடினாள். "வந்திருக்கு. கடைசில. 'கணவரும் இதை உறுதிப்படுத்தினார்.'"

"ஒரே வரியா?"

"போதும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, தாளைத் திருப்பி அடுத்த பக்கம் போனாள்.